சிவப்பை மடிக்கக் கூடாது

கடிதம் எழுத உட்கார்ந்தால் நான் முதலில் தேதியைத்தான் போடுவேன். அதற்குப் பிறகுதான் அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம். பலர் முழுக் கடிதத்தையும் எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டு, கடைசியில் நினைவு வந்து மேலே ஒரு மூலையில் தேதியைச் செருகுவார்கள். நான் படித்த சிறிய பள்ளியில் அப்படிச் செருகினால் பத்துக்கு இரண்டு மதிப்பெண் போய்விடும். கடிதம் என்றைக்கு முடிந்தது என்பது தேதி அல்ல, என்றைக்கு எழுதத் தொடங்கினோம் என்பதுதான் தேதி. அந்தப் பழக்கம் இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.

விசாரணை அதிகாரி அவர்களே, நேற்று தாங்கள் என்னிடம் முக்கால் மணி நேரம் பேசினீர்கள். கேட்டதற்கெல்லாம் உண்மையான பதில்களையே சொன்னேன். தாங்கள் கேட்காமல் விட்டதை இதில் எழுதுகிறேன். மூன்றாம் தொட்டிக்குள் வெல்டர் இறந்ததற்காக என் மனைவியின் தம்பியையும் எலக்ட்ரீஷியனையும் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அதைச் செய்தது அவர்கள் இருவரும் அல்லர். வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தப்பினால் எனக்கே பிடிக்காது.

எங்கள் ஆலையில் பழைய காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கி அட்டை செய்கிறோம். கூழ்த் தொட்டி மூன்று. ஒவ்வொன்றும் இரண்டு ஆள் ஆழம். அடியில் ஒரு சுழலி இருக்கிறது. அதன் இறக்கைகள் நனைந்த காகிதக் கட்டை அரை நிமிடத்தில் கிழித்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை நான்கு நாள் ஆலையை நிறுத்திப் பழுது பார்ப்போம். அந்த நான்கு நாளைப் பத்தொன்பது வருடங்களாக நடத்தியவை என் கடிதங்கள். தொட்டிக்குள் யாராவது இறங்க வேண்டுமென்றால் மின்பகுதிக்கு நான் கடிதம் எழுதுவேன். அவர்கள் ஸ்விட்சை இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியை இறங்குகிறவரிடம் கொடுத்து, என் கடிதத்தின் அடியில் கையெழுத்திடுவார்கள். சாவி உள்ளே இருக்கிறவரின் சட்டைப் பையில் இருக்கும். பத்தொன்பது வருடத்தில் ஒருவருக்கும் நகம்கூடப் பெயர்ந்ததில்லை. ஆலையில் எனக்குத் 'தபால்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

என் மச்சினனை இந்த ஆலையில் சேர்த்ததும் ஒரு கடிதம்தான். நான் எழுதியது. ஒன்றரைப் பக்கம். பொறுமைசாலி என்றும் பெரியவர்களை மதிப்பவன் என்றும் எழுதியிருந்தேன். அந்த இரண்டு சொற்களுக்காகப் பிறகு பல முறை வருத்தப்பட்டிருக்கிறேன். ஐந்தே வருடத்தில் அவன் திட்டப் பிரிவுக்குத் தலைவனாகிவிட்டான். என் மேசை அவன் அறைக்கு வெளியே, தண்ணீர்க் கேன் பக்கத்துக்குப் போயிற்று. வீட்டில் நான் அவனுக்கு அத்தான். ஆலையில் தபால் சார்.

இரண்டரை மாதத்துக்கு முன் எல்லாரையும் கூட்ட அறையில் உட்காரவைத்துப் பெரிய திரையில் ஒன்றைக் காட்டினான். இணையத்தில் இருக்கும் ஏதோ மென்பொருள். மேப் என்றான். நடுவில் ஒரு வட்டம், அதில் 'நாலு நாள்' என்று எழுதியிருந்தது. அதிலிருந்து மின்சாரம், கொதிகலன், தொட்டிகள் என்று நாலாபக்கமும் கிளைகள். அவரவர் இடத்திலிருந்தே கிளை சேர்க்கலாம். ஒருவர் சேர்த்தால் அடுத்த நொடி எல்லார் திரையிலும் அது முளைக்கும்.

"இனிமே கடுதாசி வேலை கிடையாது. யாருக்கு என்ன தோணுதோ, கிளையை இழுத்து விட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க," என்றான்.

"எழுத்துப் பிழை வந்தா தபால் சார் மார்க்கைக் குறைப்பாரே?" என்றார் கொதிகலன்காரர்.

"அவரையும்தான் மேப்புல போட்டாச்சே. கீழே பாருங்க."

கீழே, எல்லாக் கிளைகளுக்கும் அப்பால், திரையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வட்டம் இருந்தது. 'பழைய முறை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு நத்தைப் படம் போட்டிருந்தான். நான் எழுதி வைத்த நாற்பத்தொரு நடைமுறைகளும் அதற்குள் இருக்கின்றனவாம்.

"நத்தை அம்சமா இருக்குய்யா," என்றார் ஆலை மேலாளர். அறையே சிரித்தது.

"அத்தான், கோவிச்சுக்காதீங்க. சும்மா ஜாலிக்கு."

வீட்டுச் சொல்லை ஆலைக்குள் அவன் எடுத்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வருவதில்லை. யார் யார் சிரித்தார்கள் என்று குறித்துக்கொண்டேன். பதினாறு பேர். வெல்டர் மட்டும் சிரிக்கவில்லை.

அதே கூட்டத்தில்தான் பூட்டையும் எடுத்தான். மூன்று தொட்டிக்கும் ஒரே மின்பலகை. ஒன்றைப் பூட்டினால் மூன்றும் நிற்கும். அதனால் ஒன்றரை நாள் வீணாகிறது என்று கணக்குக் காட்டினான். இனிப் பூட்டு வேண்டாம், தொட்டிக்குள் ஆள் இறங்கினால் மேப்பில் அந்தத் தொட்டியின் கீழ் 'உள்ளே ஆள்' என்று சிவப்பில் ஒரு கிளை போட்டால் போதும் என்றான். வெளியே வந்ததும் அதை அழித்துவிட வேண்டும். மின்சாரம் விடுகிறவர் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடுவார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கிளைகள் பெருகினால் திரை அடைந்துபோகும். அதற்காக ஒவ்வொரு கிளையின் கழுத்திலும் ஒரு பொட்டு உண்டு. அதைத் தட்டினால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் உள்ளே மடிந்துகொள்ளும், பொட்டில் ஒரு எண் மட்டும் தெரியும். எல்லாரும் ஒரே படத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று என் மச்சினன் அமைத்து வைத்திருந்ததால், ஒருவர் மடித்தால் எல்லார் திரையிலும் மடிந்துவிடும். ஆகவே ஒரு விதி செய்தான். எதை வேண்டுமானாலும் மடிக்கலாம், சிவப்பை மடிக்கக் கூடாது. அதைத் தாளில் அச்சடித்து ஒவ்வொரு திரைக்கும் பக்கத்தில் ஒட்டினார்கள். ஒரே வாரத்தில் அது எல்லாருக்கும் மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. சிவப்பு கண்ணில் படவில்லை என்றால் உள்ளே ஆள் இல்லை. பொட்டைத் திறந்து பார்ப்பவர் யாரும் கிடையாது.

நான் கடமையிலிருந்து தவறவில்லை. நான்கு பக்கத்தில் கடிதம் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கும்: 'குறி பூட்டாகாது. குறியை யாராவது மறைத்துவிடலாம். பூட்டை மறைத்தாலும் அது பூட்டியேதான் இருக்கும். இந்த முறையில் ஒரு நாள் ஓர் உயிர் போகும்.' அலுவலகப் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

என் மச்சினன் அதைக் கையில் வாங்கினான். கைப்பேசியில் படம் பிடித்தான். முதல் பக்கத்தை மட்டும். அதைக் கொண்டுபோய் மேப்பில் அந்த நத்தைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டான். மாலைக்குள் அதற்குப் பதினான்கு இதயக் குறிகள் விழுந்திருந்தன. 'முத்து முத்தான கையெழுத்து' என்று கணக்குப் பிரிவு அம்மாள் எழுதியிருந்தார். 'தபால் சார் ராக்ஸ்' என்று ஒருவர். மூன்றாம் பக்கத்தை யாரும் கேட்கவே இல்லை.

ஓர் உயிர் போகும் என்று எழுதிக் கொடுத்த மனிதனுக்குப் பதினான்கு இதயம். தாங்களும் பல கடிதங்கள் எழுதியிருப்பீர்கள். இதைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெல்டர் மட்டும் மறுநாள் என் மேசைக்கு வந்து அந்த நான்கு பக்கத்தையும் கேட்டு வாங்கி, நின்றபடியே படித்தார். கடிதங்களில் அவர் போடும் கையெழுத்துக்கு ஒரு வால் இருக்கும், காற்றாடிக்கு இருப்பது போல. வேறு யாரும் அவ்வளவு ஆசையாக என் கடிதங்களில் கையெழுத்துப் போட்டதில்லை.

"மூணாவது பக்கம் சரிதாண்ணே," என்றார். "நானும் பூட்டு வேணும்னு கேட்டுப் பார்த்தேன். அப்ப சாவியைத் தாலி மாதிரி கழுத்துல கட்டிக்கோன்னு சொல்லிச் சிரிக்கிறானுங்க."

"எழுதிக் கொடுங்க."

"எனக்கு எங்கண்ணே எழுத வருது? அதான் நீங்க எழுதியிருக்கீங்களே."

வீட்டைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் நாங்கள் வீடு மாறிக்கொண்டிருந்தோம். என் மச்சினன் அதற்கும் ஒரு மேப் போட்டுக் கொடுத்தான். என் மனைவி அதில் ராத்திரி பகலாகக் கிளை சேர்த்தாள். பீரோவுக்கு ஒரு கிளை, பூந்தொட்டிக்கு ஒரு கிளை. என்னைத் தேடினேன். 'மற்றவை' என்பதன் கீழ் இருந்தேன். 'அத்தான்: பெட்டிக்கு டேப் ஒட்டுதல்.'

"இதென்ன?" என்றேன்.

"உங்களுக்கு இடுப்பு வலின்னு லேசான வேலையா குடுத்திருக்கான். பாசத்துல பண்ணினதைப் போய் நோண்டாதீங்க. என் தம்பிதானே, கொஞ்சம் விட்டுக் கொடுங்களேன்."

விட்டுக் கொடுத்தேன். பெட்டிகளுக்கு டேப் ஒட்டினேன். ஒரு பெட்டியும் பிரிந்துகொள்ளவில்லை.

அதன் பிறகு அந்த மேப்பை நான் முறையாகப் படித்தேன். என் மச்சினனுக்கே அது அவ்வளவு தெரியாது. அதில் 'வரலாறு' என்று ஒரு பக்கம் உண்டு. யார் எதைச் சேர்த்தார், எதை அழித்தார், எத்தனை மணிக்கு என்று பெயரோடு பதிவாகும். ஒருநாள் மதியம் நத்தைக் கிளையை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். வரலாற்றைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் ஏறவில்லை. மடிப்பதை அந்த மென்பொருள் ஒரு செயலாகவே மதிக்கவில்லை. வேறு வேறு கிளைகளில், வேறு வேறு நாட்களில், பதினொரு முறை சோதித்துக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். பதினொரு முறையும் அப்படியே.

நான் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. ஒரு விஷயத்தை எழுத்தில் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தது நடக்காமல் அந்த நான்கு நாளும் கழிந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பூட்டு இல்லாமலே காரியம் ஆயிற்று என்பார்கள். அடுத்த வருடமும் பூட்டு இருக்காது, அதற்கடுத்த வருடமும் இருக்காது. என்றோ ஒருநாள் நான்கு பேர், ஐந்து பேர் போவார்கள். அதற்குள் நான் பொய் எழுதியவன் ஆகியிருப்பேன். பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு பொய்யும் எழுதியதில்லை. ஒருவரோடு முடிந்தால் மற்றவர்களுக்கு நல்லது. கணக்கு அப்படித்தான் வருகிறது.

பதினான்காம் தேதி, நிறுத்தத்தின் இரண்டாம் நாள், சாயங்காலம் நாலரைக்கு மறுநாள் வேலைகள் மேப்பில் முளைத்தன. 'மூன்றாம் தொட்டி: அடித்தகடு வெல்டிங். வெல்டர். காலை பதினொன்று.' அதன் கீழேயே, 'வெல்டிங் முடிந்ததும் சுழலி ஓட்டிப் பார்த்தல். எலக்ட்ரீஷியன்.' வேறு யார் பெயராவது வந்திருந்தால் நான் இன்னும் யோசித்திருப்பேனோ என்று சில சமயம் தோன்றுகிறது. வெல்டர் என்றதும் எனக்கு ஒருவகையில் பொருத்தமாகவே பட்டது. மூன்றாம் பக்கத்தைப் படித்தவர் அவர் ஒருவர்தான். நடக்கும்போது அவருக்காவது புரியும்.

மறுநாள் பதினொன்று ஐந்துக்கு அவர் என் மேசைக்கு வந்தார். வருவார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தொடுதிரையைத் தொட அவருக்கு எப்போதும் கூச்சம்.

"அண்ணே, கையெல்லாம் கரி. தொட்டா இந்தச் சனியன் அசைய மாட்டேங்குது. நீங்களே சிவப்பைப் போட்டு விட்டுடுங்க."

போட்டேன். திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"அப்பச் சரி. நீங்க போட்டா பூட்டுப் போட்ட மாதிரிதாண்ணே," என்று சொல்லிவிட்டு ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு மூன்றாம் தொட்டியின் பொட்டைத் தட்டினேன். அதற்குக் கீழே இருந்ததெல்லாம் உள்ளே மடிந்துகொண்டது. நான் எதையும் அழிக்கவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். என் வேலை அவ்வளவுதான்.

மின்பலகை என் மேசையிலிருந்து இருபது அடி. எலக்ட்ரீஷியன் கவனமான ஆள். முதல் நாளே வேலையைக் குறித்துக்கொண்டு வருவார். திரையைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் குரலும் கொடுத்தார்.

"மூணுல சிவப்பு இல்ல. விடப்போறேன். யாராவது இருக்கீங்களா?"

அவர் கேட்டது என் காதில் நன்றாக விழுந்தது. அதற்குப் பிறகு மூன்று நான்கு நொடிகள் காத்திருந்தார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்வது என் வேலை அல்ல. அந்த வேலையை என்னிடமிருந்து எடுத்து மேப்புக்குக் கொடுத்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். அதை உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் மேசையில் விழுந்த வட்டக் கறையை உடனே துடைத்தேன்.

சுழலியின் சத்தம் நின்று, ஆட்கள் தொட்டிப் பக்கம் ஓடியதும், பொட்டைத் தட்டி மடிப்பைப் பிரித்தேன். தாங்கள் வந்து பார்த்தபோது சிவப்பு அதன் இடத்தில் இருந்தது. வரலாற்றிலும் இருந்தது. 'பதினொன்று ஐந்து: தபால் சேர்த்தார்.' அழித்ததாக எதுவும் இல்லை. எலக்ட்ரீஷியன் அன்றிலிருந்து "சிவப்பு இல்லவே இல்லைங்க, என் பிள்ளைங்க மேல சத்தியம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். யாரும் நம்பவில்லை. அவர் சொல்வது உண்மை. அவருக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுதுவதாக இருக்கிறேன்.

என் மச்சினனைப் பற்றியும் எழுத வேண்டும். பூட்டை எடுத்தது நான்தான், தண்டனை எனக்குத்தான் வேண்டும் என்று அவன் எல்லார் முன்னாலும் அழுதானாம். ஆலை முழுக்க அவனுக்காக உருகுகிறது. எவ்வளவு பெரிய மனசு என்கிறார்கள். என் மனைவி தினமும் அவனைப் பார்க்கப் போகிறாள். திரும்பி வந்து, "நீங்க ஒரு வார்த்தை அவனுக்கு ஆறுதல் சொல்லக் கூடாதா?" என்று கேட்கிறாள். செய்தது ஒருவன், பெரிய மனசு இன்னொருவனுக்கு. என் நான்கு பக்கக் கடிதத்தை இப்போதும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. ஓர் உயிர் போகும் என்று எழுதியிருந்தேன், போயிற்று. இன்னும் மூன்றாம் பக்கத்தை ஒருவரும் திருப்பவில்லை.

ஆனாலும் பேசாமல் இருந்திருப்பேன். நேற்று தாங்கள் தண்ணீர் எடுக்க எழுந்து போனீர்கள். அப்போது தங்களுக்குப் பின்னால் இருந்த திரையைப் பார்த்தேன். தாங்களும் அதே மென்பொருளில்தான் விசாரணையை வரைந்து வைத்திருக்கிறீர்கள். நடுவில் வெல்டர். அவரிடமிருந்து மச்சினனுக்குத் தடித்த கோடு, எலக்ட்ரீஷியனுக்குத் தடித்த கோடு, மேலாளருக்கு ஒரு மெல்லிய கோடு. கீழே, ஓரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அதற்குக் கோடே இல்லை.

தாங்கள் திரும்பி வந்ததும் கேட்டேன். "அந்தக் கீழ் வட்டம் யாருங்க மேடம்?"

"நீங்கதான் சார். சிவப்பை ஒழுங்கா போட்டவர் நீங்க ஒருத்தர்தான். கவலைப்படாதீங்க, உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

ஆறுதலாகத்தான் சொன்னீர்கள். எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, தேதி போட்டு, இதை எழுதத் தொடங்கினேன். குற்றமில்லாத இருவர் உள்ளே இருக்கிறார்கள் என்ற வருத்தம்தான் காரணம், வேறு எதுவும் இல்லை.

சொல்வதை நம்புவதற்குச் சான்று வேண்டும் அல்லவா. வெல்டரின் மனைவியிடம் ஓர் இரங்கல் கடிதம் இருக்கிறது, கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லாரும் கைப்பேசியில் ஒரு வரி அனுப்பியபோது, கையால் இரண்டு பக்கம் எழுதித் தந்தவர் நான் மட்டும்தான் என்று அந்தப் பெண் அழுதார். 'அன்புள்ள தங்கைக்கு' என்று தொடங்கும். அவர் இரண்டாவது வரியிலேயே உடைந்துபோனதால், மேல் மூலையைப் பார்த்திருக்க மாட்டார். அங்கே பதினான்காம் தேதி இருக்கும். அவர் கணவர் இறந்தது பதினைந்தாம் தேதி. கைத்தவறு என்று நினைத்துவிடாதீர்கள். தேதியில் நான் தவறியதே இல்லை.

இணைப்பு: நான்கு பக்கக் கடிதத்தின் பிரதி, மடிப்புச் சோதனைக் குறிப்பேடு. பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நல்லது. இனி என் வட்டத்துக்கு ஒரு கோடு போடுவதில் தங்களுக்குத் தடை இருக்காது என்று நம்புகிறேன். முடிந்தால் அதை நடுவுக்கே நகர்த்திவிடுங்கள். இடம் போதவில்லை என்றால் வெல்டரைக் கொஞ்சம் ஓரமாக வைக்கலாம். அவர் தவறாக நினைக்க மாட்டார்.